சூடு நின்ற பிறகு

2021 பிப்ரவரி 15, திங்கட்கிழமை. பின்னிரவு ஒன்றரை மணி வாக்கில், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநில மின்தொகுப்பை நிர்வகிக்கும் எர்காட் அமைப்பு பகுதி பகுதியாக மின்சாரத்தை நிறுத்தத் தொடங்கியது. கடுங்குளிரில் மின் நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக முடங்கின. தொகுப்பின் அதிர்வெண் 59.4 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்கி நான்கு நிமிடங்களுக்கு மேல் அங்கேயே கிடந்தது. ஒன்பது நிமிடம் அப்படியே நீடித்திருந்தால் மிச்ச நிலையங்களும் தம்மைத் தாமே துண்டித்துக்கொண்டிருக்கும். மாநிலமே வாரக்கணக்கில் இருளில் கிடந்திருக்கும். அதைத் தடுக்க 20,000 மெகாவாட் வெட்டப்பட்டது. மின்தொகுப்பைக் காப்பாற்ற அமெரிக்காவில் திட்டமிட்டுச் செய்யப்பட்ட மின்வெட்டுகளில் இதைவிடப் பெரியது இல்லை. வீடுகளும் கடைகளுமாக 45 லட்சம் இணைப்புகளில் மின்சாரம் நின்றது. மறுநாள் டல்லாஸில் வெப்பநிலை மைனஸ் 19 டிகிரி செல்சியஸ். மாநிலச் சுகாதாரத் துறை பின்னர் எண்ணிச் சொன்ன இறப்புகள் 246. அவர்களில் 161 பேர் குளிரின் நேரடித் தாக்கத்தால் இறந்தவர்கள்.

இதைப் பற்றி எழுதப்பட்டவை பெரும்பாலும் மின்தொகுப்பைப் பற்றியே பேசுகின்றன. பேச வேண்டியதுதான். பத்தாண்டுகளுக்கு முன், 2011 பிப்ரவரியிலும் இதே மாநிலம் இப்படி உறைந்தது. அப்போது மின் நிலையங்களைக் குளிருக்குத் தயார்படுத்துமாறு மத்திய ஆணையம் அறிக்கை எழுதிக் கொடுத்தது. கட்டாயமாக்கப்படாத அறிவுரை காகிதத்தோடு நின்றுவிட்டது. ஆனால் 2021-இன் அந்த வாரத்தின் இரண்டாவது பாதியை யாரும் அவ்வளவாக ஆராயவில்லை. மின்சாரம் திரும்பி வந்து, ஹீட்டர் ஓடி, வீடு மெல்லச் சூடேறி, அப்பாடா என்று மூச்சுவிட்ட நேரத்தில்தான் ஆயிரமாயிரம் வீடுகளில் உட்கூரை பிளந்து தண்ணீர் கொட்டியது. குடிநீரைக் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும் என்ற அறிவிப்பின் கீழ் 1 கோடியே 40 லட்சம் மக்கள் இருந்தார்கள். மின்வெட்டு நாட்களில் முடிந்தது. வீடுகளைப் பழுதுபார்க்கும் வேலை மாதக்கணக்கில் இழுத்தது.

குளிர்காலத்துக்கு வீட்டைத் தயார் செய்வது என்றால், சூட்டுக்கு ஏற்பாடு செய்வது என்றே பொதுவாகப் புரிந்துகொள்கிறோம். ஹீட்டரைச் சரிபார், ஃபில்டரை மாற்று, ஜன்னல் இடுக்கை அடை என்று அக்டோபர் மாதத்தில் வரும் அறிவுரைகள் எல்லாம் இந்த வரிசையில்தான் போகின்றன. குழாய் அந்தப் பட்டியலின் அடியில் எங்கோ இருக்கும். இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது என்பது என் வாதம். சூடு ஓடிக்கொண்டிருக்கும்போது வீடு எவ்வளவு இதமாக இருக்கிறது என்பதை வைத்து ஆயத்தத்தை அளக்கக் கூடாது. சூடு நின்றுபோன பிறகு அந்த வீட்டின் தண்ணீர் எங்கே இருக்கிறது, அதை வெளியேற்ற வழி இருக்கிறதா என்பதை வைத்தே அளக்க வேண்டும். நீர் முதலில், சூடு அடுத்து, ஏசி கடைசியில்.

காரணம் இயற்பியலில் இருக்கிறது. தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ ஒன்பது சதவீதம் பெருக்கிறது. அதனால் குழாய் வெடிக்கிறது என்று பள்ளிப் பாடத்தில் படித்திருக்கிறோம். அது பாதி உண்மை. 1990-களில் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தின் கட்டட ஆய்வுப் பிரிவு குழாய்களை வேண்டுமென்றே உறையவைத்துப் பார்த்தது. பூஜ்ஜியம் டிகிரியைத் தொட்டதும் குழாய்த் தண்ணீர் உறைந்துவிடுவதில்லை. அதற்கும் சில டிகிரி கீழே போன பிறகே பனி பிடிக்கத் தொடங்குகிறது. வெளியே வெப்பநிலை மைனஸ் 7 டிகிரி அளவுக்கு இறங்கும்போது, பாதுகாப்பில்லாத குழாய்கள் ஆபத்துக் கட்டத்துக்குள் வருகின்றன. அப்போதும் பனிக்கட்டி குழாய்ச் சுவரை நேரடியாக நெட்டித் தள்ளி உடைப்பதில்லை. குழாயின் நடுவில் உருவான பனிக்கட்டி அடைப்பாகி நீளவாக்கில் வளர்கிறது. வீட்டுக்கு வெளியே, பெருங்குழாய்ப் பக்கம் அது தள்ளும் நீர் பின்வாங்கிப் போய்விடும், அங்கே சேதமில்லை. வீட்டுக்குள், மூடிய டேப்புக்கும் அந்த அடைப்புக்கும் நடுவே சிக்கிய தண்ணீருக்குப் போக இடமில்லை. அதன் அழுத்தம் ஏறி ஏறி, எங்கே பலவீனமோ அங்கே குழாய் பிளக்கிறது. பிளந்த இடத்தில் பனியே இல்லாமலும் இருக்கலாம். அடைப்பு இருக்கும்வரை தண்ணீரும் வெளியே வராது. பனி உருகிய பின்தான் விரிசல் தன்னைக் காட்டிக்கொள்ளும். அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு. எட்டில் ஒரு அங்குல விரிசல் போதும், ஒரு நாளில் 250 கேலன், அதாவது 950 லிட்டர் அளவுக்குத் தண்ணீர் வீட்டுக்குள் இறங்கிவிடும்.

இது விளங்கினால், டேப்பைச் சொட்டுச் சொட்டாகத் திறந்துவிடுங்கள் என்ற பழைய யோசனையின் உண்மையான பயனும் விளங்கும். ஓடும் தண்ணீர் உறையாது என்பதற்காக மட்டும் அதைச் செய்வதில்லை. ஒரு சொட்டு வெளியேற வழியிருந்தாலே சிக்கிய தண்ணீரின் அழுத்தம் வடிந்துவிடுகிறது. பனி பிடித்தாலும் குழாய் பிழைக்கிறது.

அடுத்து இன்சுலேஷன். இதைப் பற்றிய தப்பெண்ணம்தான் டெக்சாஸில் அதிக விலை கேட்டது. ஃபிளாஸ்க் காபியைச் சூடாக்குவதில்லை. உள்ளே இருக்கும் சூட்டைக் கொஞ்ச நேரம் பிடித்துவைக்கிறது, அவ்வளவுதான். குழாய்க்கு மேல் மாட்டும் நுரை உறையும் அப்படித்தான். இன்சுலேஷன் சூட்டுக்கும் குளிருக்கும் நடுவே ஒரு எல்லை போடுகிறது. குழாய் அந்த எல்லைக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதே எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. மினசோட்டாவிலோ ஒன்டாரியோவிலோ நிலம் உறையும் ஆழத்துக்குக் கீழே குழாயைப் பதித்து, பேஸ்மென்ட் வழியாக வீட்டுக்குள் கொண்டுவந்து, உள்சுவர்களில் ஏற்றுகிறார்கள். தண்ணீர் தன் பாதை முழுவதும் சூட்டின் பக்கத்திலேயே இருக்கிறது. டெக்சாஸில் பேஸ்மென்ட் அபூர்வம். தரையில் கான்கிரீட் பலகை போட்டு அதன்மேல் வீட்டைக் கட்டுகிறார்கள். தண்ணீர்க் குழாய் பல வீடுகளில் கூரைக்கும் உட்கூரைக்கும் நடுவிலுள்ள அட்டிக்கின் வழியே ஓடுகிறது. சில வீடுகளில் வாட்டர் ஹீட்டரே அங்கேதான் உட்கார்ந்திருக்கும். உட்கூரையின் மேல் விரித்த இன்சுலேஷனுக்கும் மேலே குழாய் ஓடினால், அந்த இன்சுலேஷன் கீழிருந்து வரும் சூட்டைக் குழாய்க்கு எட்டவிடாமல் தடுக்கும் வேலையைச் செய்கிறது. கோடையில் மின் கட்டணத்தைக் குறைத்த அதே பஞ்சுப் படுக்கை குளிரில் குழாய்க்கு எதிரியாகிறது. பிரிட்டனின் பழைய வீடுகளில் மாடத்தில் தண்ணீர்த் தொட்டி வைப்பார்கள். அதன் மேலேயும் பக்கங்களிலும் இன்சுலேஷன் போடு, அடியில் மட்டும் போடாதே என்பது அங்கே எல்லா பிளம்பருக்கும் தெரிந்த விதி. வீட்டின் சூடு கீழிருந்து தொட்டியை எட்ட வேண்டும் என்பதே அதன் தர்க்கம்.

டெக்சாஸ் வீடுகள் மோசமாகக் கட்டப்பட்டவை என்று சொல்லிவிட முடியாது. அவை வெயிலுக்காகக் கட்டப்பட்டவை. சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ மொட்டைமாடியில் தொட்டியும் வெளிச்சுவரில் குழாயும் இருப்பது எப்படி நியாயமோ, அப்படித்தான் ஆண்டில் பெரும்பகுதி வெயில் காயும் ஊரில் அந்த அமைப்பும். ஹூஸ்டனிலும் டல்லாஸின் புறநகர்களிலும் ஆஸ்டினிலும் வேலைக்காகக் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். குளிர் தெரியாத நாட்டிலிருந்து வந்தவர்களும், குளிர் தெரியாமல் கட்டப்பட்ட வீடும் சேர்ந்தால் ஆபத்து இரட்டிப்பு. டொராண்டோவில் இருப்பவருக்குக் குளிரைப் பக்கத்து வீட்டுக்காரரே கற்றுக்கொடுத்துவிடுவார். டல்லாஸில் பக்கத்து வீட்டுக்காரருக்கும் தெரியாது.

சூட்டைப் பற்றி இனிச் சொல்லலாம். டெக்சாஸில் பத்தில் ஆறு வீடுகள் மின்சாரத்தால் சூடேற்றப்படுகின்றன. அவற்றில் பலவற்றில் இருப்பது ஹீட் பம்ப். கோடையில் வீட்டுச் சூட்டை வெளியே தள்ளும் அதே இயந்திரம் குளிரில் திசை மாறி, வெளிக்காற்றில் உள்ள சூட்டைத் திரட்டி உள்ளே கொண்டுவருகிறது. மிதமான குளிரில் ஒரு பங்கு மின்சாரத்துக்கு மூன்று பங்கு சூடு கிடைக்கும். நல்ல கருவி, சந்தேகமில்லை. வெளியே உறைநிலைக்குக் கீழே போகப் போக அதன் திறன் குறைகிறது. பற்றாக்குறையை ஈடுகட்டத் துணை மின்கம்பிச் சுருள் இயங்கத் தொடங்குகிறது. அது ஒரு பங்குக்கு ஒரு பங்குதான் தரும். ஆகவே மின்தொகுப்பு மிகவும் தடுமாறும் அந்த இரவில்தான் ஒவ்வொரு வீடும் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்சாரம் கேட்கிறது. 2021 பிப்ரவரி 14 மாலை எர்காட்டின் மின்தேவை 69,000 மெகாவாட்டைத் தாண்டியது. மோசமான குளிர்காலம் வந்தாலும் இவ்வளவுதான் என்று முன்பே போட்டுவைத்த கணக்கையும் அது மிஞ்சியது. எங்கள் வீட்டில் கேஸ் ஃபர்னஸ் இருக்கிறது, கவலையில்லை என்று சொன்னவர்களும் ஏமாந்தார்கள். எரிப்பது கேஸ்தான். ஆனால் தீயைப் பற்றவைப்பதும் சூடான காற்றை அறைகளுக்கு ஊதுவதும் மின்சாரம். வெளிச்சுவரில் மாட்டியிருக்கும் தொட்டியில்லா வாட்டர் ஹீட்டர்களுக்குள் உறையாமல் காக்கும் சிறு சூடேற்றி உண்டு. அதற்கும் மின்சாரம் வேண்டும். இதில் ஒரு விசித்திரமும் நடந்தது. மின் நிலையங்களுக்கு எரிவாயு அனுப்பும் அமுக்கி நிலையங்கள் சிலவற்றுக்கே மின்வெட்டில் மின்சாரம் நின்றது. வாயு குறைய மின்சாரம் இன்னும் குறைந்தது. ஒன்று மற்றதை நம்பியிருந்த ஏற்பாட்டில் இரண்டும் சேர்ந்தே விழுந்தன. வீட்டுக்குள் ஃபர்னஸும் மின்சாரமும் இருப்பது அதே ஏற்பாட்டின் சின்ன வடிவம்.

சூட்டுக் கருவியையே தண்ணீர் முடக்கிய கதையும் உண்டு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2005 முதல் புதிதாகப் பொருத்தும் கேஸ் பாய்லர்கள் பெரும்பாலும் கண்டென்சிங் வகையாக இருக்க வேண்டும் என்று விதி வந்தது. புகையில் வீணாகும் சூட்டையும் பிடித்துக்கொள்ளும் சிக்கனமான பாய்லர் அது. புகை குளிரும்போது சேரும் நீரை வெளியேற்ற ஒரு மெல்லிய பிளாஸ்டிக் குழாய் வைத்திருப்பார்கள். பல வீடுகளில் அது வெளிச்சுவரில் இறங்கும். நூறாண்டுப் பதிவில் பிரிட்டன் கண்ட மிகக் குளிரான டிசம்பர் 2010-இல் வந்தது. பழுதே இல்லாத பாய்லர்கள் நாடெங்கும் நின்றுபோயின. விரல் கனமுள்ள அந்தக் குழாய் உறைந்து, நீர் பின்னே தேங்கி, பாதுகாப்புப் பொறி பாய்லரை அணைத்துவிட்டது. ஒரு குவளை வெதுவெதுப்பான நீரைக் குழாயின்மேல் ஊற்றினால் தீர்ந்துவிடும் சிக்கல் அது. அந்தக் குழாய் எங்கே இருக்கிறது என்றே தெரியாத வீட்டுக்காரர்கள் பழுதுபார்ப்பவருக்காக நாட்கணக்கில் காத்திருந்தார்கள்.

இந்த இடத்தில் ஒரு மறுப்பு வரும், அதை எளிதில் தள்ளிவிட முடியாது. மின் நிறுவனமும் அரசும் செய்த தவறுக்கு வீட்டுக்காரன் ஏன் பாடுபட வேண்டும்? பொதுப் பொறுப்பைத் தனிமனிதன் தலையில் கட்டும் தந்திரம் அல்லவா இது? ஓரளவு ஒத்துக்கொள்கிறேன். 2021-க்குப் பிறகு டெக்சாஸ் சட்டமன்றம் மின் நிலையங்களைக் குளிருக்குத் தயார்படுத்துவதைக் கட்டாயமாக்கியது. 2024 ஜனவரிக் குளிரில் பரவலான மின்வெட்டு இல்லாமல் தொகுப்பு தாக்குப்பிடித்தது. பொது அமைப்பைத் திருத்த முடியும், திருத்தவும் வேண்டும். ஆனால் அது வீட்டுக் குழாயின் பிரச்சினையைத் தீர்த்துவிடாது. அதே 2010 டிசம்பரில் வட அயர்லாந்தில் வெப்பநிலை மைனஸ் 18 டிகிரிக்கும் கீழே இறங்கியது. கிறிஸ்துமஸ் முடிந்ததும் பனி சட்டென்று உருகியது. அங்கே சூடு நிற்க மின்தொகுப்பு விழ வேண்டிய தேவையே இருக்கவில்லை. பண்டிகைக்கு மூடிய கடைகளிலும் அலுவலகங்களிலும் ஆளில்லாத வீடுகளிலும் ஹீட்டர் அணைந்திருந்தது. குழாய்கள் வெடித்து, கேட்பாரின்றித் தண்ணீர் ஓடியது. நீர்த்தேக்கங்கள் வற்றி, குழாய் நன்றாக இருந்த பல்லாயிரம் வீடுகளுக்கும் நாட்கணக்கில் தண்ணீர் நின்றது. ஸ்காட்லாந்திலிருந்து பாட்டில் தண்ணீர் கப்பலேறி வந்தது. நீர் வாரியத்தின் தலைவர் ஜனவரியில் பதவி விலகினார். வாரியத்தின் குளறுபடிகள் நிறைய. இருந்தாலும் கசிவில் பெரும்பங்கு வாரியத்தின் குழாய்களில் நிகழவில்லை, கட்டடங்களுக்குள்ளே நிகழ்ந்தது. மீட்டருக்கு இந்தப் பக்கம் உள்ள குழாய் என் சொந்த விஷயம் என்ற எண்ணம் ஒரு ஊர் முழுக்க உறையும் நாளில் செல்லாது.

டெக்சாஸிலும் அதுவே திரும்ப நடந்தது, கூடுதலாக ஒரு முரணோடு. எல்லோரும் டேப்பைச் சொட்டவிட்டார்கள். வெடித்த குழாய்களின் ஒழுக்கும் சேர்ந்தபோது நகரக் குழாய்களில் அழுத்தம் சரிந்தது. ஹூஸ்டன், ஆஸ்டின் நகர நிர்வாகங்கள் டேப்பைச் சொட்டவிடாதீர்கள், மருத்துவமனைக்கும் தீயணைப்புக்கும் தண்ணீர் வேண்டும் என்று கேட்டுக்கொள்ள நேர்ந்தது. முதல் நாள் அறிவுரை மூன்றாம் நாள் குற்றமாகிவிட்டது. தன் வீட்டுக்கு நல்லது ஊருக்குக் கெடுதல் என்றால் வேறு வழி வேண்டும். இருக்கிறது, காசும் செலவில்லை: மெயின் வால்வை மூடி, வீட்டுக் குழாய்களை வடித்துவிடுவது. தண்ணீர் இல்லாத குழாய் எந்தக் குளிரிலும் வெடிக்காது.

செய்முறை எளிது; குளிருக்கு முன்னால் ஒரு தடவை செய்து பார்த்திருந்தால் மட்டுமே எளிது. முதலில் வாட்டர் ஹீட்டரை அணைக்க வேண்டும். மின்சார ஹீட்டரில் நீர்மட்டம் இறங்கி, கம்பிச் சுருள் காய்ந்த நிலையில் சூடேறினால் எரிந்துபோகும். பிறகு மெயினை மூடி, வீட்டிலேயே உயரத்தில் உள்ள டேப்பையும் தாழ்வில் உள்ள டேப்பையும் திறக்க வேண்டும். மேலே காற்று புக, கீழே நீர் வடியும். ஃபிளஷ் தொட்டிகளைக் காலி செய்தால் ஏறக்குறைய முடிந்தது. மெயின் வால்வு எங்கே என்பதுதான் பலரையும் திணறடித்த கேள்வி. டெக்சாஸ் வீடுகள் பலவற்றில் அது வீட்டுக்குள் இருக்காது. முன்புல்வெளியில், நடைபாதை ஓரம், மீட்டர் பெட்டியின் மூடிக்கடியில், மண்ணும் புல்லும் மூடிக் கிடக்கும். திருகுவதற்குத் தனிச் சாவி வேண்டும். கடையில் சில டாலர்தான், ஆனால் புயல் நாளில் கடை மூடியிருக்கும். கூரையிலிருந்து தண்ணீர் கொட்டும் நள்ளிரவில் கைவிளக்கோடு புல்லைத் தோண்டுகிறவருக்கு ஒவ்வொரு நிமிடமும் பல லிட்டர். அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெட்டியைத் திறந்து, வால்வு துருப்பிடிக்காமல் திரும்புகிறதா என்று பார்த்துவிட்டால், என் கணக்கில் அந்த வீடு பாதித் தயார்.

மீதிப் பாதியை வேகமாகச் சொல்லிவிடலாம். தோட்டத்து ஹோஸைக் கழற்றிவிட வேண்டும். உறையாத டேப் என்று தனியாக விற்கும் வகைகூட ஹோஸ் மாட்டியிருந்தால் உள்ளே நீர் தேங்கி வெடிக்கும். வெளிச்சுவரை ஒட்டிய சிங்க்கின் அடி அலமாரியைக் குளிர் இரவில் திறந்து வைத்தால் அறைச் சூடு குழாயை எட்டும். ஊருக்குப் போகிறவர்கள் ஹீட்டரை அணைத்துவிட்டுப் போவது சிக்கனமாகாது. 13 டிகிரியிலாவது ஓடவிட்டு, மெயினையும் மூடிவிட்டுப் போவது நல்லது. வழக்கமான அமெரிக்க வீட்டுக் காப்பீட்டுப் பத்திரம் இதையே சட்ட மொழியில் சொல்கிறது. ஆளில்லாத வீட்டில் குழாய் உறைந்து சேதமானால், சூட்டைத் தக்கவைக்க நியாயமான அக்கறை காட்டியிருக்க வேண்டும், அல்லது நீரை மூடி வடித்திருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் இழப்பீடு இல்லை. உறைந்த குழாயை ஊதுவிளக்கால் சுட்டுத் தீப்பிடித்த வீடுகள் எத்தனையோ. முடி உலர்த்தும் கருவி போதும், டேப் பக்கத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஃபர்னஸ் ஃபில்டர், ஆண்டுப் பராமரிப்பு எல்லாம் வேண்டியவையே; தெரியாதவர் இல்லை. குளிரூட்டும் பக்கம் செய்ய வேண்டியது மிகக் குறைவு. வெளியே இருக்கும் பெட்டி ஏசி மட்டும் என்றால் அப்படியே விடலாம். ஹீட் பம்ப் என்றால் உறை போட்டு மூடவே கூடாது, அது குளிரிலும் மூச்சுவிட வேண்டிய இயந்திரம். அதன்மேல் வெண்பனி படிவதும், அவ்வப்போது நின்று ஆவி கக்கி அதை உருக்கிக்கொள்வதும் இயல்பு.

கார்பன் மோனாக்சைடை மட்டும் வேகமாகக் கடக்க முடியாது. சூடு நின்ற வீட்டில் மனிதர் தண்ணீரை மறந்து சூட்டைத் தேடும்போது நடப்பது அது. டெக்சாஸின் 246 இறப்புகளில் 19 இந்த வாயுவால். வாசனையில்லை, நிறமில்லை. வீட்டுக்குள் கரி அடுப்பு மூட்டினார்கள். கராஜில் காரை ஓடவிட்டு உள்ளே உட்கார்ந்தார்கள். ஜெனரேட்டரைக் கதவுக்கருகே வைத்தார்கள். 1,400-க்கும் மேற்பட்டோர் அவசர சிகிச்சைக்கு ஓடினார்கள். வீடுகளில் இந்த வாயுவைக் காட்டும் அலாரம் கட்டாயம் என்ற பொதுவான மாநில விதி அப்போது அங்கே இல்லை. ஒன்டாரியோவில் 2014 அக்டோபர் முதல் அது சட்டம். அதற்கு முந்தைய டிசம்பரில், 2013 பனிமழையில், டொராண்டோவில் மட்டும் மூன்று லட்சம் இணைப்புகளுக்கு மின்சாரம் போனது. மிகவும் அடிபட்ட பகுதிகளில் ஒன்று ஸ்கார்பரோ. கனடாத் தமிழரின் தலைநகரம் என்றே சொல்லிவிடலாம். சிலருக்கு மின்சாரம் திரும்ப ஒரு வாரம் ஆனது. அங்கேயும் கரியை உள்ளே எரித்தவர்கள் இருந்தார்கள். முற்றத்தில் அடுப்பு மூட்டும் நம் பழக்கம் காற்றோட்டமுள்ள வீட்டில் பிறந்தது. குளிர்நாட்டு வீடு காற்றுப் புகாமல் அடைக்கப்பட்ட பெட்டி. ஜெனரேட்டர் வாங்க வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. வீட்டிலிருந்து ஆறு மீட்டர் தள்ளி ஓடட்டும், அலாரம் பேட்டரியில் வேலை செய்யட்டும். குழாய்களை வடித்துவிட்ட வீட்டுக்காரருக்கு இந்தப் பதற்றமே பாதி குறையும். குழாய் வெடிக்குமே என்று வீட்டைக் காவல் காக்க வேண்டியதில்லை; கதவைப் பூட்டிவிட்டுச் சூடுள்ள இடத்துக்குக் கிளம்பலாம்.

இன்னொரு மறுப்பு: இத்தனை அபூர்வமாக வரும் குளிருக்கு இவ்வளவு ஏற்பாடா? பூமி சூடாகிக்கொண்டிருக்கும் காலத்தில் உறைபனிக்குச் செலவா? டெக்சாஸ் 1983, 1989, 2011, 2021 ஆண்டுகளில் கடுமையாக உறைந்தது. 2022 கிறிஸ்துமஸ் வாரத்தில் அமெரிக்கத் தென்கிழக்கில் டென்னசி பள்ளத்தாக்கு மின் ஆணையம் தன் வரலாற்றிலேயே முதன்முறையாகச் சுழற்சி மின்வெட்டு செய்தது. மிசிசிப்பியின் ஜாக்சன் நகரில் குழாய்கள் வெடித்துக் குடிநீர் நின்றது. ஒரு வீடு ஐம்பது ஆண்டு நிற்கும் என்றால் இது அபூர்வம் இல்லை. அந்த வீடு தன் ஆயுளில் மூன்று நான்கு தடவை எழுத வேண்டிய தேர்வு. வடதுருவம் சூடாவதே குளிர்காற்றைத் தெற்கே தள்ளுகிறதா என்பதில் விஞ்ஞானிகளுக்குள் விவாதம் ஓடுகிறது. அது எப்படி முடிந்தாலும், சராசரி சூடேறுவதால் ஒரு வாரக் குளிர் வராமல் போகாது. குளிர் குறையக் குறைய மக்கள் அதை மறப்பார்கள், கட்டுபவர்களும் மறப்பார்கள். செலவைப் பொறுத்தவரை, மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவை ஓர் ஓட்டல் சாப்பாட்டுக்கு மேல் ஆகாது. குழாயை இடம் மாற்றுவது மட்டுமே பெருஞ்செலவு, அதுவும் கட்டி முடித்த வீட்டில்தான்.

வாடகைக்கு இருப்பவர் என்ன செய்வார்? இதற்கு வீட்டு அளவில் பதில் கிடையாது. அடுக்குமாடியில் மெயின் வால்வு குடியிருப்பவர் கையில் இல்லை. டெக்சாஸில் வெடித்தவற்றில் தீயணைப்புத் தெளிப்பான் குழாய்களும் நிறைய; அவற்றை யாரும் தம் இஷ்டத்துக்கு மூடவும் முடியாது. பேஸ்மென்ட் வாடகைக்காரருக்கு ஃபர்னஸ் அறையின் சாவிகூட இல்லாமல் இருக்கலாம். ஆகவே கடமை உரிமையாளர் மீதும் கட்டட விதி மீதும் போகிறது. அமெரிக்க நகரங்கள் பலவும் பின்பற்றும் சர்வதேசக் குடியிருப்புக் கட்டட விதித்தொகுப்பு, உறையக்கூடிய ஊர்களில் வெளிச்சுவரிலும் அட்டிக்கிலும் குழாய் போகக் கூடாது என்கிறது. உடனே ஒரு விலக்கும் தருகிறது: இன்சுலேஷனாலோ சூட்டாலோ இரண்டாலுமோ பாதுகாத்தால் போகலாம். அந்த விலக்கின் வழியாகத்தான் டெக்சாஸ் அட்டிக்குகளுக்குள் அத்தனை குழாய்களும் ஏறின. இன்சுலேஷன் தாமதப்படுத்தும், அதற்கு மேல் செய்யாது. டல்லாஸ் ஐந்து நாட்களுக்கும் மேலாக உறைநிலைக்குக் கீழே இருந்தது. சூட்டால் பாதுகாப்பது என்பதோ மின்சாரம் இருக்கும்வரைதான். விலக்கை எடுத்துவிட்டு, குழாய் இன்சுலேஷனுக்குக் கீழே, வீட்டுச் சூட்டின் பக்கத்தில்தான் ஓட வேண்டும் என்றும், மெயின் வால்வு வீட்டுக்குள் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும் என்றும் எழுதினால் போதும். கட்டும்போது இதற்காகும் கூடுதல் செலவு சில மீட்டர் குழாயும் ஒரு வால்வும். விதி மாறும்வரை, டல்லாஸ் புறநகரில் புது வீட்டுக்கு முன்பணம் கட்டுகிறவர்கள் சமையல் மேடைக் கல்லின் நிறத்தைத் தேர்வு செய்யும் அதே நாளில் தண்ணீர்க் குழாய் எந்த வழியாக ஏறுகிறது என்று பில்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளலாம். சுவரில் டிரைவால் பலகை அடிக்கும் முன் கேட்டால் அது பிளம்பருக்கு அரை நாள் வேலை. அடித்த பிறகு கேட்டால் சுவரையும் உட்கூரையையும் உடைக்க வேண்டும்.